கணப்பு வைக்கும் முன் கூரையைப் பாருங்கள்

மலையில் ஹோம்ஸ்டேயும் காட்டேஜும் நடத்துகிறவர்களுக்கு,

ஊட்டியோ குன்னூரோ கோத்தகிரியோ கொடைக்கானலோ, நீங்கள் எங்கே வீடு வைத்து நடத்தினாலும் சரி. டிசம்பருக்கு அறை கேட்டுப் போன் செய்கிறவர், வைஃபை உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று விசாரித்த கையோடு கேட்பது இதைத்தான்: “ஃபயர்பிளேஸ் இருக்கா சார்?” இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் வாடகையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். அதனால்தான் புதிதாக எழும்பும் காட்டேஜ்களின் கூடத்துச் சுவரில் ஒரு கல் வளைவும் அதன் மேல் ஒரு மரப்பலகையும் தவறாமல் முளைக்கின்றன. பழைய பங்களாக்களின் கணப்புகளைப் பழுதுபார்ப்பதும், கேட்டால் புதிதாகக் கட்டித் தருவதும் என் தொழிலில் ஒரு பகுதி. அந்த உரிமையில் எழுதுகிறேன். கணப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எல்லாரும் அதன் வாயழகைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள். புகை போகிற வழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

முதலில் கணப்பே இல்லாத அறைகள். விருந்தாளி குளிர் தாங்கவில்லை என்கிறார். வாட்ச்மேன் ஓர் இரும்புச் சட்டியில் கரியைத் தணலாக்கி, புகை அடங்கியதும் உள்ளே கொண்டுபோய் வைக்கிறார். அல்லது வாசலில் கோழி வாட்டிக்கொண்டிருந்த கரி அடுப்பை, தூறல் விழுந்ததும் விருந்தாளிகளே அறைக்குள் தூக்கிப்போகிறார்கள். கொடைக்கானலில் 2024இல் இப்படி அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிய இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. நீலகிரியிலும் குளிருக்காக வீட்டுக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் செத்திருக்கிறார்கள். கரித்தணலில் புகை இல்லை என்பதுதான் ஆபத்தே. கண் எரிந்தால் மனிதன் கதவைத் திறப்பான். ஆனால் அந்தத் தணல் கக்குகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

மலைக்கென்று இதில் இரண்டு கூடுதல் வினைகள் உண்டு. ஊட்டி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் முக்கால் பங்குதான். இருக்கிற ஆக்சிஜனே குறைவு, அதிலும் பங்கு போனால் உடம்பு எவ்வளவு தாங்கும்? இன்னொன்று, இந்த விஷவாயு ஏறும்போது வருகிற தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு மூன்றும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தவருக்கு எப்படியும் வருகிறவை. ‘பஸ்ல வந்தது ஒத்துக்கலை’ என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திப் படுத்துவிடுவார். ராத்திரி ஒன்பது மணிக்கு விருந்தாளி தலைவலி என்றால், மாத்திரை தேடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து அவரை வெளியே உட்கார வையுங்கள். ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒன்றாகத் தலை வலித்தால் சந்தேகமே வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கார்பன் மோனாக்சைடைக் கண்டு அலறுகிற சின்னக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. நெருப்பு மூட்டுகிற ஒவ்வோர் அறையிலும் ஒன்று இருக்கட்டும். கண்காட்சிக் கணப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் இது தூசு.

சரி, கணப்புக்கு வருவோம். திறந்த கணப்பு அறையைச் சூடாக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்கு வந்தால் பெரிது. மீதி புகையோடு மேலே போய்விடுகிறது. போகும்போது அறையில் இருந்த வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால், தூரத்துப் படுக்கையறை முன்னைவிடக் குளிர்ந்துபோவதும் உண்டு. கணப்பின் முன்னால் உட்கார்ந்தால் முகம் சுடும், முதுகு சில்லிடும். விருந்தாளிக்கு வேண்டியது அந்த முகச்சூடும் படமெடுக்க ஒரு தீயும்தான் என்றால் திறந்த கணப்பு போதும். வீடு முழுக்கக் கதகதப்பாக இருக்க வேண்டும் என்றால், கண்ணாடிக் கதவு வைத்த மூடிய இரும்பு அடுப்பு வாங்குங்கள். நல்லதாக இருந்தால் விறகின் சூட்டில் 60, 70 சதவீதத்தை அறைக்குத் தரும். விறகுச் செலவும் பாதிக்கு மேல் குறையும். கண்ணாடி வழியே தீயும் தெரியும். ‘பழைய பங்களா மாதிரி இல்லையே’ என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. பழைய பங்களாவில் இருந்த துரைக்கு விறகு சுமக்க நாலு பேர் இருந்தார்கள்.

ஆனால் அந்தப் பழைய கணப்புகளைக் குனிந்து உள்ளே பார்த்தால் மரியாதை வரும். வாய் அகலமாகத் திறந்திருக்கும், ஆழம் மிகக் குறைவு. பக்கச் சுவர்கள் இரண்டும் பின்னோக்கிச் சாய்ந்து ஒடுங்கும். பின்சுவர் ஏறஏற முன்னால் சாய்ந்து வந்து, புகைபோக்கி தொடங்குகிற இடத்தில் நாலு அங்குலப் பிளவுதான் விட்டிருக்கும். கையை நீட்டினால் அதற்குப் பின்னால் ஒரு திண்டு தட்டுப்படும். மேலிருந்து இறங்கும் குளிர்காற்று அதில் மோதித் திரும்பிவிடும். இந்த அமைப்புக்கு வழி காட்டியவர் ரம்ஃபோர்டு பிரபு என்ற பட்டம் பெற்ற பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவில் பிறந்து, சுதந்திரப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று, ஊரைவிட்டு ஓடி, பவேரியாவில் அமைச்சர் வேலை பார்த்த விசித்திர மனிதர். வெப்பம் எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்ந்த கையோடு 1790களில் லண்டன் வீடுகளின் கணப்புகளைச் செதுக்கித் திருத்தினார். ஆழத்தைக் குறைத்தால் தீ முன்னால் வரும், சாய்ந்த சுவர்கள் சூட்டை அறைக்குள் எறியும், தொண்டையைக் குறுக்கினால் வீணாகப் போகிற காற்று குறையும் என்பது அவர் கணக்கு. ஜான் சல்லிவன் 1822இல் ஊட்டியில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியபோது இந்தக் கணக்கு ஆங்கிலேயக் கொத்தர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதனால்தான், நூறு வருஷத்துக்கு மேலான வீடு கையில் இருந்தால் கணப்பை ‘பெரிதாக்கி அழகுபடுத்த’ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பெரிய தீ வேண்டும் என்று பின்சுவரை இடித்து ஆழப்படுத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அங்கே புகை அறைக்குள்தான்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், மேஸ்திரிக்கும் சொல்லிக்கொடுங்கள். சமவெளியிலிருந்து வருகிற மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கணப்பு கட்டிப் பழகியிருக்க மாட்டார். கணப்பின் வாய் 30 அங்குல அகலம், 27 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். 810 சதுர அங்குலம். புகைபோக்கியின் உட்புறம் இதில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதாவது 9க்கு 9. காற்று மெலிந்த இந்த உயரத்தில் இழுப்பும் மெலியும் என்பதால் நான் எட்டில் ஒரு பங்கு என்றே கணக்கு வைப்பேன். காட்டேஜ்களில் நான் பார்ப்பதோ ஆறு அங்குலத் தகரக் குழாய். அதன் பரப்பு 28 சதுர அங்குலம்தான்! மூன்று பங்கு புகைக்கு ஒரு பங்கு வழி. மிச்சம் எங்கே போகும் என்பதைக் கூடத்துச் சீலிங்கின் நிறமே சொல்லும்.

உயரத்திலும் இதே கஞ்சத்தனம். குழாய் கூரையைத் துளைத்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி மேலே போக வேண்டும். சுற்றிப் பத்தடிக்குள் இருக்கிற கூரை முகடு, தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் அதைவிட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். கணப்பின் தரையிலிருந்து மொத்தம் பதினைந்து அடியாவது இல்லாவிட்டால் இழுப்பு பிடிக்காது. சரிவில் கட்டிய வீடுகளுக்கு இன்னும் ஒரு தொல்லை: பின்னால் மேடும் மரங்களும் இருந்தால் ஆடி மாதத்துக் காற்று அவற்றில் மோதிக் கீழே இறங்கும், புகையையும் கூடவே தள்ளும். இடம் பார்க்கும்போதே காற்று எந்தப் பக்கம் என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என்ஜினீயரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். முடிந்தால் புகைபோக்கியை வெளிச்சுவரில் ஒட்டாமல் வீட்டின் நடுச்சுவரில் ஏற்றுங்கள். வெளியே நிற்கிற புகைபோக்கி ராத்திரிக் குளிரில் விறைத்துப்போகும். தீ மூட்டினால் முதல் பத்து நிமிஷம் புகை கீழே இறங்கும். உத்திரமோ கைமரமோ புகைபோக்கியிலிருந்து இரண்டு அங்குலமாவது விலகி நிற்கட்டும். மரம் நேரடியாகத் தீப்பிடிக்க வேண்டும் என்பதில்லை. வருஷக்கணக்கில் சூடு பட்டுப் பட்டுக் காய்ந்த மரம் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கும்.

எல்லாம் சரியாகக் கட்டியும் புகை உள்ளே வருகிறது என்று அழைப்பார்கள். போய்ப் பார்த்தால் அறைக்கு யுபிவிசி ஜன்னல், கதவின் அடியில் ரப்பர் பட்டை, குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். தேக்கு ஜன்னல்களின் இடுக்கு வழியே காற்று வந்துகொண்டே இருந்த காலத்துக் கணப்புக்கு யாரும் காற்று வழி விட வேண்டியிருக்கவில்லை. இப்போது அறையைப் புட்டி மாதிரி அடைத்துவிட்டு, ஒரு பக்கம் ஃபேனையும் போட்டால், அந்த ஃபேன் புகைபோக்கி வழியாகத்தான் காற்றை இழுக்கும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கணப்பின் வாயருகே பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போனால் சரி. உங்கள் முகத்தைப் பார்த்து வந்தால் தீ மூட்டவே கூடாது. தரையையொட்டி வெளிக்காற்று வர ஒரு துளை விடுங்கள், கணப்பு எரியும்போது ஃபேன் ஓடாதபடி சுவிட்சை மாற்றுங்கள். பெரும்பாலான புகைத் தகராறு இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

விறகு. இந்த மலையின் நிறமே கணப்பால் மாறியது என்றால் மிகையில்லை. குடியேறிய ஆங்கிலேயர்களின் அடுப்புக்கும் கணப்புக்கும் சோலைக்காட்டை வெட்டி மாளாததால், விரைந்து வளர்கிற மரம் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து 1830களிலும் 1840களிலும் கொண்டுவந்து வைத்ததுதான் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). சீகை புல்வெளிகளைத் தின்று பரவியது. அன்னிய மரங்களை அகற்றச் சொல்லி இன்று உயர்நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருக்கிறது. அந்தச் சீகைதான் கணப்புக்கு நல்ல விறகு. நின்று எரியும், தணல் நீடிக்கும். கற்பூர மரம் எண்ணெய்ப் பசையால் திமுதிமுவென்று எரியும், பொறியும் தெறிக்கும்; இரும்பு வலை இல்லாமல் அதை எரிக்காதீர்கள். பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தபின் கோடாலி துள்ளும். தீ பிடிக்க வைக்கத் தேயிலை மிலாறு போல வேறொன்று இல்லை. ஆனால் எந்த மரமானாலும் ரசீதோடு வாங்குங்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். ராத்திரியில் மலிவாக வந்து இறங்குகிற விறகு எந்தச் சோலையில் நின்றதோ!

மரத்தைவிட ஈரம் முக்கியம். பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீராகக்கூட இருக்கும். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கவே தீயின் பலம் போய்விடும். அரைகுறையாக எரிந்த புகை மேலே போய்க் குளிர்ந்து புகைபோக்கிச் சுவரில் படியும். எடைக்கு 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கினால்தான் அது விறகு. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கணீரென ஒலித்தால் காய்ந்தது, ‘பொத்’தென்றால் ஈரம். வெட்டுமுகத்தில் விரிசல் ஓடியிருக்க வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி நனைக்கிற நம் ஊரில் ஜனவரி முதல் மே வரைதான் காயும் காலம். ஜனவரியில் பிளந்து, தரையைவிட்டு உயர்த்தி, மேலே கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்கினால் அடுத்த டிசம்பருக்கு உதவும். நவம்பரில் லோடு இறக்கி டிசம்பரில் எரிக்கிறவர்கள் தண்ணீரை எரிக்கிறார்கள். ஈரத்தைச் சரிக்கட்ட வாட்ச்மேன் டீசல் ஊற்றுகிறாரா என்று ஒருநாள் ஒளிந்திருந்து பாருங்கள்; ஊற்றினால் அன்றே நிறுத்துங்கள். பிளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த மரம், பிளாஸ்டிக் கவர் எதற்கும் கணப்பில் இடமில்லை.

புகைபோக்கியைச் சுத்தம் செய்வது யாருக்கும் பிடிக்காத வேலை. வருஷத்துக்கு ஒருமுறையாவது, மழைக்கு முன்னால் மே மாதத்தில் செய்துவிடுங்கள். சீசன் முழுக்க எரிகிற கணப்பென்றால் இரண்டு முறை. கணப்பின் வாயை நனைத்த சாக்கால் அடைத்துவிட்டு, மேலிருந்து கயிற்றில் எடை கட்டிய கம்பி பிரஷ்ஷை இறக்கித் தேய்த்து வர வேண்டும். சாக்கை எடுத்ததும் விழுந்துகிடப்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருப்புப் பொடியாக உதிர்ந்தால் உங்கள் விறகும் தீயும் சரியாக இருக்கின்றன. மொறுமொறுவென்று செதிலாக வந்தால் விறகில் ஈரம், அல்லது காற்று போதவில்லை. டார்ச் அடித்துப் பார்க்கும்போது உள்சுவர் வெல்லப்பாகு உறைந்ததுபோலப் பளபளவென்று மின்னினால் அந்தக் கணப்பை அன்றே பூட்டிவிடுங்கள். அது கிரியோசோட், பிரஷ்ஷுக்கு அசையாது, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால் ரயில் ஓடுவதுபோலச் சத்தம் வரும், சூடு 1,000 டிகிரியைத் தாண்டும், செங்கல் வெடிக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கணப்பின் வாயை அடைத்து, எல்லாரையும் வெளியேற்றி, தீயணைப்புக்கு 101 அடியுங்கள். மூன்று மில்லிமீட்டர் படிவு சேர்ந்தாலே துடைக்க நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய வீடுகளில் இன்னொரு சோதனையும் உண்டு. உள்ளே பூசிய சுண்ணாம்பு உதிர்ந்து, செங்கல் இடுக்கு வழியே பக்கத்து அறைக்குப் புகை கசியலாம். புகைபோக்கியின் தலையை அடைத்துவிட்டுக் கீழே ஈர இலையைப் புகைய விட்டு, வீட்டில் ஆட்களை வெளியேற்றிவிட்டு, ஜன்னல் வழியே அறை அறையாகவும் மச்சுக்குள்ளும் பாருங்கள். கசிந்தால் சிமென்ட் அப்பி ஒப்பேற்றாதீர்கள். சூட்டில் அது விரிந்து விட்டுப்போகும். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்குவதுதான் சரியான வழி. செலவுதான்.

சாம்பலை ஒரு அங்குலம் கணப்பிலேயே விட்டுவைக்கலாம், அடுத்த தீக்கு அது மெத்தை. அள்ளினால் மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வெளியே சிமென்ட் தரையில் வையுங்கள். நீறு பூத்த நெருப்பு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ அட்டைப்பெட்டியிலோ அள்ளி விறகுக்கொட்டகை ஓரம் வைத்தால் கொட்டகை போய்விடும். தோட்டத்துக்குப் போடுவதென்றால் கேரட், முட்டைக்கோஸ் பாத்திக்குப் போடுங்கள். உருளைக்கிழங்குக்கு வேண்டாம், சொறிநோய் வரும். தேயிலைக்கும் வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். வாசலில் நீலமாகப் பூக்கிற ஹைட்ராஞ்சியாவின் அடியில் கொட்டினால் பூ இளஞ்சிவப்பாக மாறிவிடும். அதை வேண்டுமானால் விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டலாம்.

விருந்தாளிகளைக் கணப்பைத் தொட விடாதீர்கள். மூட்டுவதும் ஊட்டுவதும் உங்கள் ஆள் வேலையாக இருக்கட்டும். ராத்திரி கடைசி விறகை ஒன்பது மணிக்குமேல் போட வேண்டாம். தணல் முழுக்கக் கறுக்கும்வரை, புகைபோக்கியை அடைக்கும் தகடான டாம்பரை மூடவே கூடாது. சூடு வெளியே போகாமல் இருக்கட்டும் என்று தணலோடு மூடிவிட்டுப் படுப்பது, நான் முதலில் சொன்ன கரிச்சட்டிக்குச் சமானம். கணப்புக்கு முன் ஒன்றரை அடிக்காவது கல்லோ ஓடோ பதித்திருக்க வேண்டும், கம்பளம் அதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘நமக்கு இது ஆகாது’ என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணப்பை அடைத்துவிட்டு, 2,000 வாட் எண்ணெய் ஹீட்டர் ஒன்று வையுங்கள்; மணிக்கு இரண்டு யூனிட், கணக்குக்கு எளிது. கனமான ரஜாயும் வெந்நீர்ப் பையும் கொடுங்கள். அடைக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். கீழே செங்கல் வைத்து இறுக அடைத்துவிட்டு மேலே அப்படியே திறந்து விடுகிறார்கள். மழை நேராக உள்ளே இறங்கும், பல வருஷத்துப் புகைக்கரி ஊறும், சுவரில் மஞ்சளாகக் கறை பூக்கும், அறையெல்லாம் அவிந்த அடுப்பு வாடை. உச்சியில் மழை புகாத, காற்றுப் போகிற தொப்பி ஒன்றும், அடைத்த செங்கல்லின் கீழ்வரிசையில் ஒன்பதுக்கு மூன்று அங்குலத்தில் ஒரு சல்லடை ஜன்னலும் வையுங்கள். அதற்கு முன்னால் டார்ச் அடித்து, உள்ளே மைனாவோ தேனீயோ குடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து, பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் ஒருவன்